மோரியின் நீச்சல் குளமும் அப்புச்சி தோட்டத்துக் கிணறும்

"உங்க ஊர்ல நீச்சல் குளம் இருந்துச்சாப்பா?" என்று மகள் கேட்டாள். குளமெல்லாம் இல்லை கண்ணு, கிணறு இருந்தது என்றேன். "கிணத்துல எல்லாரும் நீந்தலாமா?" அப்போது நான் குக்கர் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் "ம், எல்லாரும்தான்" என்று சொல்லிவிட்டேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டாள். ஆறாம் வகுப்பில் அப்போது ஆஸ்திரேலியப் பூர்வகுடித் தலைவர் சார்லஸ் பெர்க்கின்ஸ் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் இருப்பவர்கள் சின்ன வயதில் எங்கே நீந்தினார்கள், அங்கே யாரெல்லாம் நீந்தலாம் என்று கேட்டு எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அம்மா காவிரியில், அப்பா கிணற்றில், எல்லாரும் நீந்தினார்கள். அவளுக்கு வீட்டுப்பாடம் முடிந்தது. எனக்கு முடியவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. ஆனால் அந்த 'எல்லாரும்' வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அதற்கப்புறம் பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஜூலை விடுமுறையில் மோரி என்ற ஊருக்குப் போகலாம் என்று மகள்தான் சொன்னாள். பாடத்தில் வந்த குளத்தை நேரில் பார்க்க வேண்டுமாம். சிட்னியிலிருந்து வடமேற்கே 600 கிலோமீட்டருக்கு மேல். நாரப்ரை தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது, கண்ணுக்கெட்டியவரை கரிசல். பருத்தி எடுத்து முடித்த பருவம் என்பதால் சாலையின் இரண்டு ஓரத்திலும் பஞ்சு சிதறிக் கிடந்தது. கார்க் கண்ணாடியை இறக்கினால் கோவில்பட்டிப் பக்கம் பஸ்ஸில் போகிறபோது வருமே, அதே காய்ந்த மண் வாசனை. இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். சொந்த ஊர்ப்பக்கம் போவது போன்ற உணர்வு வந்தது அந்தச் சாலையில்தான்.

மோரியில் குளத்துக்கான தண்ணீர் நிலத்தடியிலிருந்து வருகிறது. 1895இல் பாசனத்துக்காக ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். தண்ணீர் வந்தது, ஆனால் கொதிக்கக் கொதிக்க வந்தது. தாது உப்புகளும் அதிகம். பயிருக்கு ஆகாது என்று தெரிந்ததும் குளிக்கப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் அடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பரப்பில், 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு, விரிந்து கிடக்கும் நிலத்தடி நீர்ப்படுகையில் இருந்து வருகிற நீர் அது. பாறைகளுக்கு நடுவே எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஊர்ந்து வந்த மழைநீர். மேலே இருக்கிற மண் கமிலராய் மக்களுடையது. வாத நோய்க்கு நல்லது என்று பேர் பரவி, தூர ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் ரயிலேறி வந்தார்கள். ஊரே அந்தத் தண்ணீரை வைத்துத்தான் பேர் வாங்கியது. பக்கத்திலேயே திறந்தவெளியில் குளிர்ந்த நீர்க் குளமும் வந்தது.

குளிர்காலக் காலை, வெளியே ஏழெட்டு டிகிரி இருக்கும். சுடுநீர்க் குளத்தில் 40 டிகிரி அளவில். ஆவி எழும்பிக்கொண்டே இருந்தது. கழுத்துவரை முங்கி உட்கார்ந்திருந்த வயசாளிகள் சீட்டுக் கச்சேரியில் பேசுவதுபோல நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் கையை விட்டால் லேசாக வழவழப்பு, சோப்புத் தண்ணீர் மாதிரி. மகள் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பெரிய குளத்தைப் பார்க்க ஓடிவிட்டாள். பூர்வகுடிப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாலிபப் பையன் ஒருவன் வேகமாக ஓடிவந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு பொத்தென்று விழுந்தான். எங்கள் ஊரிலும் அப்படித்தான் விழுவோம். அதைப் பார்த்துக்கொண்டே நான் வெந்நீரில் இருந்தேன். சரி, இனி அந்தக் கதையைச் சொல்கிறேன்.

தீர்மானம்

1955இல் மோரி நகரசபை ஒரு தீர்மானம் போட்டது. முழுப் பூர்வகுடி ஆனாலும், பாதி ஆனாலும், பூர்வகுடி ரத்தம் கலந்திருப்பதாகப் பார்வைக்குத் தெரிகிறவர் ஆனாலும், நகரசபைக்குச் சொந்தமான நீச்சல் குளத்துக்குள்ளும் நினைவு மண்டபத்துக்குள்ளும் வரக்கூடாது. தீர்மானத்தின் சாரம் இதுதான். நான் இதைப் படித்தபோது 'பார்வைக்குத் தெரிகிறவர்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். யாருடைய பார்வைக்கு? வாசலில் டிக்கெட் கொடுப்பவரின் பார்வைக்கு. ஒரே வீட்டுப் பிள்ளைகளில் நிறம் கொஞ்சம் வெளுத்தவன் உள்ளே போய்விடலாம், அவன் தங்கை வெளியே நிற்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் அந்த அளவெடுக்கும் வேலையை வாசல்காரரின் கண்ணிடம் விட்டுவிட்டார்கள்.

இன்னொரு விஷயம் இதைவிட என்னைத் தைத்தது. பூர்வகுடிப் பிள்ளைகள் குளத்துக்குள் வரவே கூடாது என்றில்லை. பள்ளிக்கூட நேரத்தில், வகுப்போடு சேர்ந்து வந்தால் நீந்தலாம். மணி அடித்து வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். கூட நீந்திய வெள்ளைக்காரப் பிள்ளைகள் அப்படியே இருந்து சாயங்காலம்வரை விளையாடுவார்கள். சனி, ஞாயிறுகளில் காசு கொடுத்தாலும் இவர்களுக்கு டிக்கெட் கிடையாது. அழுக்கு, நோய், சுகாதாரம் என்று காரணம் சொல்லப்பட்டது. புதன்கிழமை பகலில் பரவாத நோய் சனிக்கிழமை மட்டும் எப்படிப் பரவும் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டிருக்கும். ஊருக்கு வெளியே 'மிஷன்' என்று சொல்லப்படும் குடியிருப்பில் இருந்த அந்தப் பிள்ளைகளுக்கு மெஹி ஆறு இருந்தது. வெயில் நாளில் ஆற்றுக்குப் போவார்கள்.

ஒரு பஸ்

1964இல் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன்னால் போராட்டம் நடத்தினார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக. கோஷம், தள்ளுமுள்ளு, கைது எல்லாம் நடந்தது. அப்போது அவர்களைப் பார்த்துப் பலர் ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் நாட்டில் பூர்வகுடிகளை நடத்துகிற விதம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா? கடல் தாண்டி இருக்கிற அநியாயம் தெளிவாகத் தெரிந்தது, பக்கத்து ஊரில் இருந்தது தெரியவில்லை. அந்தக் கேள்வி அவர்களைச் சுட்டது. அதை மறைக்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பதால்தான் அவர்கள்மேல் எனக்கு மரியாதை. பூர்வகுடிகளுக்கான மாணவர் இயக்கம் ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தலைவராக சார்லஸ் பெர்க்கின்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். 1936இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்தவர், அரெர்ண்டே - கல்கடூன் வழி. கால்பந்து ஆடிச் சம்பாதித்தவர், இங்கிலாந்து வரை போய் ஆடியவர். அதற்கப்புறம் இருபத்தைந்து வயதுக்கு மேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1966இல் பட்டம் வாங்கினார். ஆஸ்திரேலியாவில் பட்டம் பெற்ற முதல் பூர்வகுடி ஆண் என்று அவரைச் சொல்கிறார்கள். இயக்கத்தின் செயலாளர் ஜிம் ஸ்பிகல்மன். போலந்தில் நாஜிகளிடமிருந்து தப்பிய யூதக் குடும்பத்துப் பிள்ளை, அப்போது பத்தொன்பது வயது. பிற்காலத்தில் நியூ சவுத் வேல்ஸின் தலைமை நீதிபதி ஆனார்.

1965 பிப்ரவரி 12ஆம் தேதி முப்பது பேர் அளவில் ஒரு பஸ்ஸில் கிளம்பினார்கள். அமெரிக்காவில் 1961இல் பஸ்களில் போய்ப் போராடியவர்கள்தான் முன்மாதிரி. ஊர் ஊராகப் போய் பூர்வகுடிகளின் வீடு, கல்வி, உடல்நலம் பற்றி விசாரித்து எழுதினார்கள். வால்கெட் என்ற ஊரில் முன்னாள் படைவீரர் மன்றத்தின் வாசலில் வெயிலில் நாள் முழுக்கத் தட்டி பிடித்து நின்றார்கள். நாட்டுக்காகப் போருக்குப் போய் வந்த பூர்வகுடி வீரர்களை அந்த மன்றம் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அன்றிரவு ஊரைவிட்டுக் கிளம்பிய பஸ்ஸை ஒரு வண்டி துரத்திவந்து இடித்துச் சாலையைவிட்டு இறக்கியது. மாணவி ஆன் கர்தாய்ஸ் பயணம் முழுவதும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டு வந்தார். பிற்பாடு அவர் வரலாற்றாசிரியர் ஆனார். இன்று அந்தப் பயணத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகத் தெரிவதற்கு ஓடுகிற பஸ்ஸில் எழுதிய அந்த நோட்டு ஒரு முக்கியக் காரணம்.

மோரிக்கு வந்தவர்கள் 19ஆம் தேதி மிஷனிலிருந்து சில பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு குளத்துக்குப் போனார்கள். ஆச்சரியமாக, அன்றைக்கு உள்ளே விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் குதித்து விளையாடினார்கள். அன்று மாலை நடந்த பொதுக்கூட்டத்தில், தடையை எடுத்துவிட வேண்டும் என்ற பேச்சுக்கே ஆதரவு அதிகம் இருந்தது. வேலை முடிந்தது என்று மாணவர்கள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பஸ் போனதும் பூர்வகுடிப் பிள்ளைகளை மறுபடி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். சேதி கிடைத்ததும் பஸ் திரும்பியது. திரும்பாமல் போயிருக்கலாம். செய்தித்தாள்களில் பெயர் வந்துவிட்டது, படம் எடுத்தாயிற்று, பிள்ளைகள் ஒருநாளாவது நீந்தினார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளக் காரணம் நிறைய இருந்தது. 20ஆம் தேதி, சனிக்கிழமை, அவர்கள் மறுபடி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டிக்கெட் வாசலில் வரிசையில் நின்றார்கள். டிக்கெட் மறுக்கப்பட்டது. வரிசை நகரவில்லை, கலையவும் இல்லை. சுட்டெரிக்கிற பிப்ரவரி வெயிலில் மணிக்கணக்காக நின்றார்கள். சுற்றி நூற்றுக்கணக்கான ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். அழுகின தக்காளி, முட்டை எல்லாம் வந்து விழுந்தன. துப்பினார்கள், அடித்தார்கள். மாணவர்களைப் போலீஸார் ஒவ்வொருவராக இழுத்து அகற்றினார்கள். அவர்கள் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி வரிசையில் சேர்ந்தார்கள். பெர்க்கின்ஸ் பிள்ளைகளின் பக்கத்திலேயே நின்றார். கடைசியில், 1955 தீர்மானத்தை ரத்து செய்ய முன்மொழிவதாக மேயர் ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம்தான் பஸ் கிளம்பியது, போலீஸ் காவலோடு.

நான் நின்றிருந்த இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் அந்த வாசல் இருந்திருக்கிறது. 2013இல் இந்தக் குளம் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெரிய பெரிய கட்டடங்களும் போர்க்களங்களும் இருக்கிற பட்டியலில் ஒரு சின்ன ஊரின் நீச்சல் குளம். வாசலில் நின்ற பிள்ளைகளில் சிலர் பிற்காலத்தில் தம் மக்களுக்காகப் பேசுகிற தலைவர்கள் ஆனார்கள். 1967இல், பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும் அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றவும் வழிவிட்ட பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரித்து வாக்களித்தார்கள். அந்த மனமாற்றத்தில் குளத்தின் வாசலில் எடுத்த படங்களுக்கும் பங்கு உண்டு. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த காலம். ஒரு குழந்தைக்கு நீந்த டிக்கெட் கிடையாது என்பதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை, பார்த்தாலே போதும்.

தண்ணீர் என்று வந்தால்

கோவிலில், கடையில், பஸ்ஸில், பள்ளியில் எல்லாவற்றிலும் பிரிவினை இருந்த இடங்களில்கூட, தண்ணீரில்தான் அது கடைசிவரை விடாப்பிடியாக நின்றிருக்கிறது. அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரத்தில், பொது இடங்களில் இனப் பிரிவினை கூடாது என்று நீதிமன்றம் சொன்னதும் பூங்காக்களைப் பொதுவாக்கினார்கள், மிருகக்காட்சி சாலையைப் பொதுவாக்கினார்கள், நீச்சல் குளங்களை மட்டும் மூடினார்கள். யாருக்கும் வேண்டாம் என்று. அது உச்சநீதிமன்றம்வரை போய், 1971இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மூடியது செல்லும் என்று தீர்ப்பானது. தானும் நீந்தாமல் இருந்துவிடலாம், ஆனால் அவர்கள் தொட்ட தண்ணீர் தன் மேலே படக்கூடாது. நடுக்கோடையில் பிள்ளைகள் வெயிலில் வாடுவதைப் பார்த்துக்கொண்டே ஓர் ஊர் அந்த முடிவை எடுத்திருக்கிறது. மேலோட்டமான ஒரு வெறுப்புக்கு இவ்வளவு பலம் இருக்காது.

நம் பக்கத்தில் இதற்கு முந்தைய கதைகள் இருக்கின்றன. 1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் எல்லாவற்றையும் எல்லாச் சாதியாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார், அது அரசாணையும் ஆனது. அதே ஆண்டுகளில் மகாராஷ்டிரத்தின் மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. அதை நம்பி யாரும் குளத்தில் இறங்கிவிட முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தக் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அதற்கு வந்த பதில் அடி உதை. பிறகு 108 பானைகளில் குளத்து நீரை மொண்டு, பசுஞ்சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து, மந்திரம் சொல்லிக் குளத்திலேயே கொட்டி, தீட்டுக் கழித்தார்கள். நீதிமன்றத்தில் வழக்கு முடிய 1937 ஆனது. அந்தப் பானைகள் என் மனதில் ஏன் இப்படித் தங்கிவிட்டன என்று எனக்கு மோரிக்குப் போகும்வரை தெரியாது.

மோரியில் தடை போட ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. அதற்குத் தேதி இருந்தது, ஆதரவாகக் கை தூக்கியவர்கள் இருந்தார்கள், நகரசபையின் பதிவேட்டில் ஒரு பக்கம் இருந்தது. அதனால் அதை ரத்து செய்யவும் முடிந்தது. என் மகள் பாடமாகப் படிக்கவும் முடிகிறது. நமது அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கிணறு, குளம், குளிக்கும் படித்துறை என்று பேர் சொல்லியே, அங்கெல்லாம் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. குளிக்கும் படித்துறையைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள் என்றால், எழுதியவர்கள் எவ்வளவு பட்டிருப்பார்கள். ஆனால் அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சியின் தோட்டத்துக் கிணற்றில் எந்தத் தீர்மானமும் இல்லை. யாரும் எதையும் எழுதவில்லை, வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. எதை ரத்து செய்வது?

1987 மே

எனக்குப் பதினொரு வயது. கோடை விடுமுறை என்றாலே ஈரோட்டுப் பக்கம் அப்புச்சி தோட்டம்தான். கிணறு நாற்பதடி ஆழம், நாலு பக்கமும் கல் கட்டடம், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற படிக்கல். இடுக்குகளில் புறாக்கள். மோட்டார் ரூமின் மேலேறிக் குதிப்பது பெரிய பையன்களின் வேலை. எங்களுக்கு நாலாவது படி. நீச்சல் கற்றுக்கொடுத்தது அப்புச்சி. இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளிவிடுவார். மூக்கில் தண்ணீர் ஏறி, நெஞ்செல்லாம் எரிந்து, கண்ணைத் திறந்தால் பச்சையாக வெளிச்சம் தெரியும். நாலாம் நாள் சுரைப்புருடையை அவிழ்த்துவிட்டார். அன்றைக்கு வந்த சந்தோஷம் அதற்கப்புறம் எந்தப் பரீட்சையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

தோட்டத்துப் பண்ணையத்து ஆளின் மகனுக்கும் எனக்கும் ஒரே வயது. அப்பா வேலை மாற்றலாகி வந்ததால் இரண்டு வருடம் நான் அந்த ஊர்ப் பள்ளியில் படித்தேன், அவனும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. விடுமுறையில் அவன் அவனுடைய அப்பாவோடு தோட்டத்துக்கு வருவான். நாங்கள் குளிக்கும்போது மேலே தென்னை மரத்தடியில் உட்கார்ந்து எங்கள் சட்டைகளைப் பார்த்துக்கொள்வான். யாரும் அவனை உட்காரச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. மோட்டார் ஓடும்போது தொட்டியில் விழுந்து, வாய்க்காலில் போய், தோட்டத்தின் கடைசி மடையில் தேங்குகிற தண்ணீரில் அவன் குளிப்பான். கிணற்றிலிருந்து போன அதே தண்ணீர். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'ங்க' எல்லாருக்கும் பொது, பெரியவர்கள் சின்னவர்களிடம்கூட மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஆனால் பதினொரு வயதுப் பையன்கள் இரண்டு பேருக்கு நடுவே, அவன் என்னை 'வாங்க' என்பான், நான் அவனை 'வாடா' என்பேன். அது எனக்கு அப்போது வித்தியாசமாகவே படவில்லை.

ஒருநாள் மத்தியானம் பெரியவர்கள் யாரும் இல்லை. "எறங்குடா, நான் சொல்லித்தரேன்" என்றேன். வேண்டாங்க என்றான். நான் விடவில்லை. அவன் படிக்கல்லில் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. சுவரை ஒட்டி, உள்ளங்கையைக் கல்லில் பதித்துக்கொண்டு, கடைசிப் படியில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டான். முழங்கால்வரைகூட நனையவில்லை. சில்லென்று இருந்திருக்கும், தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தான். அப்போது மேலே நிழல் விழுந்தது. பெரிய மாமன். திட்டவில்லை, கத்தவில்லை. "மேல வா" என்று மட்டும் சொன்னார். என்னைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நான் கண் விழித்தது மோட்டார் சத்தத்தில். நாள் முழுக்க ஓடியது. கரண்ட் போய் வந்ததும் மறுபடி ஓடியது. இரவில் அந்தச் சத்தத்திலேயே தூங்கினேன். இரண்டு நாள் கிணற்றுக்கு யாரும் போக வேண்டாம் என்றார்கள், தண்ணீர் இறைக்கிறார்கள் என்றார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து தாயக்கரம் ஆடினேன். இத்தனை வருடமாக அந்த நினைவு எனக்கு வெறும் மோட்டார் சத்தமாகத்தான் இருந்தது. மோரியில், ஆவி பறக்கிற அந்தக் குளத்தில், அந்தப் பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு குதித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அது மே மாதத் தொடக்கம். மஞ்சள் வெட்டி முடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, அடுத்த நடவுக்கு இன்னும் நாள் இருந்தது. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் பயிரே இல்லை. கோடையில் ஒரு குடம் தண்ணீரைச் சிந்தினால் அப்புச்சி எங்களைத் திட்டுவார். அந்தத் தோட்டத்தில், வெறும் காட்டில், இரண்டு நாள் தண்ணீர் ஓடியது.

அன்றிரவு மோரியில் தங்கியிருந்த அறையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். கிணற்றை இறைத்தார்களே, எதற்கு என்று கேட்டேன். "தூர் வாரியிருப்பாங்க கண்ணு, யாருக்கு ஞாபகம்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், நான் கேட்காமலே, "அவங்களுக்குத்தான் வாய்க்கா இருந்துச்சல்ல" என்றார். அம்மாவுக்கு எண்பது வயது. என்மேல் உயிரையே வைத்திருப்பவர். அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. மெஹி ஆறு இருக்கிறதே என்று மோரியிலும் நல்ல மனசுக்காரர்கள் யாராவது சொல்லியிருக்கக்கூடும்.

திரும்பி வரும்போது நாரப்ரை அருகே பெட்ரோல் போட நிறுத்தியிருந்தோம். காரில் உட்கார்ந்தபடி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'எல்லாரும்' என்று சொன்னது தப்பு என்றும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பையன் அப்புறம் நீச்சல் கத்துக்கிட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்த ஜூனில் அப்பாவுக்கு மறுபடி மாற்றல், நாங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டோம். அவனைப் பற்றி நான் யாரிடமும் கேட்டதே இல்லை.

பள்ளி நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் அவர் எண் இருந்தது. தினமும் காலை வணக்கம் மட்டும் போடுவார். சிட்னிக்குத் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். திருப்பூரில் வேன் ஓட்டுகிறார், இரண்டு பையன்கள், மூத்தவன் டிப்ளமோ முடித்துவிட்டான். என் குரலைக் கேட்டதும் உடனே அடையாளம் கண்டுகொண்டார். நான் 'நீங்க' என்று பேச ஆரம்பித்ததும் ஒரு நொடி தயங்கி, பிறகு அவரும் பழையபடியே 'சொல்லுங்க' என்றார். நீச்சல் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். கீழ்பவானி வாய்க்காலில், தண்ணீர் விட்ட பருவத்தில், எட்டாவது படிக்கும்போது. பாலத்தின் மேலிருந்து குதிப்பார்களாம். பையன்கள் இரண்டு பேருக்கும் அதே இடத்தில்தான் சொல்லிக்கொடுத்தாராம்.

கிணற்றைப் பற்றிக் கேட்க எனக்கு வெகுநேரம் ஆனது. அந்த மே மாதம், மோட்டார் ஓடியதே, அது ஞாபகம் இருக்கிறதா என்றேன்.

"ரெண்டு நாள் ஓடுச்சுங்க" என்றார். "எங்கப்பனைத்தான் போட்டுவிடச் சொன்னாங்க. ராத்திரியெல்லாம் மோட்டார் ரூம்லயே படுத்திருந்தாரு, கரண்ட் வந்தா எந்திரிச்சுப் போடறதுக்கு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதுக்கென்னங்க, அப்ப நீங்களும் சின்னப் பையன்தானே என்றார். இரண்டு பேரும் சும்மா இருந்தோம். அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசிலடித்தது, யாரோ டீவி சத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு அவர்தான் பேச்சை எடுத்தார். "பாப்பாவுக்கு நீச்சல் தெரியுங்களா?"

தெரியும் என்றேன்.